என்ஜின் இல்லாத கிளைடர், ஜெட் விமானங்கள் பறக்கும் 18,000 அடிக்கு மேல் போக முடியுமா? தரையிலிருந்து விமானப் போக்குவரத்தை வழிநடத்தும் கன்ட்ரோலர் 'இதே உயரத்தில் இரு' என்றால் அது என்ன செய்யும்?

போக முடியும். நான் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் மிண்டன் என்ற ஊரில் ஆறு வருடமாகக் கிளைடர் ஓட்டுகிறேன். மூன்று முறை 18,000 அடியைத் தாண்டியிருக்கிறேன். அதிகபட்சம் 24,000 அடி.

உங்கள் இரண்டாவது கேள்விதான் விஷயத்தின் மையம். 'இதே உயரத்தில் இரு' என்றால் கிளைடரால் இருக்க முடியாது. காற்று தூக்கினால் ஏறும், தூக்காவிட்டால் இறங்கும். அதனால்தான் எங்களுக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது.

முதலில், அந்த உயரத்துக்கு எப்படிப் போகிறோம்? மிண்டனுக்கு மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில், மலையைத் தாண்டி விழும் காற்று மறுபடி எழும்பி அலையாக மாறும். ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் பாறையைத் தாண்டியதும் தண்ணீர் மேலும் கீழுமாகப் போகுமே, அதேதான். பாறை நகராததால் அலையும் நகராது. அந்த அலையின் ஏறுமுகத்தில் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்துக்கொண்டால் கிளைடர் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை பாடுதான். அலைக்குக் கீழே காற்று உருண்டு புரளும். எங்களைக் கயிற்றில் இழுத்துச் செல்லும் விமானம் தலைக்கு மேலே ஒரு நொடி, காலுக்குக் கீழே ஒரு நொடி. அதைத் தாண்டி அலைக்குள் நுழைந்ததும் எல்லா ஆட்டமும் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியை முதல் முறை அனுபவித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதே சியரா அலையில் 1952-ல் இருவர் 44,255 அடி தொட்டார்கள். 1961-ல் பால் பிக்கில் என்ற விமானி தனியாக 46,267 அடி போனார். 2018-ல் அர்ஜென்டினாவின் எல் கலஃபாத்தேயிலிருந்து கிளம்பிய பெர்லான் 2 கிளைடர் 76,000 அடியையும் தாண்டியது. காற்றுக்கு அவ்வளவு தெம்பு இருக்கிறது. தடையாக நிற்பது விதி.

அமெரிக்காவில் 18,000 அடியிலிருந்து 60,000 அடி வரை 'கிளாஸ் ஏ' வான்வெளி. அங்கே பறக்கும் ஒவ்வொரு விமானமும் கன்ட்ரோலரின் அனுமதியோடு, அவர் சொல்லும் உயரத்தில், அவர் சொல்லும் பாதையில் போக வேண்டும். கண்ணால் பார்த்து ஒதுங்கிப் பறக்கும் முறைக்கு அங்கே இடமில்லை. கிளைடருக்குத் தெரிந்ததோ அந்த முறை மட்டும்தான்.

இதற்குக் கண்டுபிடித்த வழி 'வேவ் விண்டோ', அதாவது அலை ஜன்னல். அனுமதியை ஒரு விமானத்துக்குக் கொடுக்காமல், வானத்தின் ஒரு துண்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டின் எல்லைகள் கன்ட்ரோல் மையத்தோடு முன்கூட்டியே எழுதி வைத்த ஒப்பந்தத்தில் இருக்கும். அலை நன்றாக இருக்கும் நாளில் திறக்கச் சொல்லிக் கேட்கிறோம். போக்குவரத்தைப் பார்த்து, இன்று இவ்வளவு உயரம் வரை என்று திறப்பார்கள், அல்லது மறுப்பார்கள். திறந்திருக்கும் வரை மற்ற விமானங்களைச் சுற்றிவிடுவது அவர்கள் வேலை. எல்லைக்குள் இருப்பது எங்கள் வேலை. ஒரு நாள் 17,500 அடியில், அலை இன்னும் தூக்கிக்கொண்டிருக்க, 'இப்போது திறக்க முடியாது' என்று பதில் வந்தது. இறக்கையில் இருக்கும் காற்றுத் தடுப்பு பிரேக்கைத் திறந்து இறங்கினேன். வருத்தம்தான், ஆனால் சரியான பதில் அது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 24,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால், வேக மீட்டர் 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காட்டும்போது உண்மை வேகம் 88 நாட் அளவில் இருக்கும். எதிர்காற்று 80 நாட் என்றால், தரையைப் பொறுத்தவரை நான் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கிறேன். நகராத பொருளைச் சாதாரண ரேடார் மலை, கட்டடம் என்று நினைத்து வடிகட்டிவிடும். கிளைடரின் உடல் வேறு ஃபைபர் கண்ணாடி, ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. ஆக, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பி நம்மைக் காட்டிக்கொடுக்கும் கருவி) இல்லையென்றால் கன்ட்ரோலரின் திரையில் நான் இல்லவே இல்லை.

18,000 அடிக்குக் கீழே பெரும்பாலான இடங்களில் கிளைடருக்கு டிரான்ஸ்பாண்டர் கட்டாயமில்லை. 2006 ஆகஸ்ட் 28 அன்று, மிண்டனிலிருந்து போன ஒரு கிளைடரும் பக்கத்து நகரமான ரீனோவுக்கு இறங்கிக்கொண்டிருந்த ஹாக்கர் என்ற சிறிய ஜெட் ஒன்றும் சுமார் 16,000 அடியில் மோதின. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த அதைப் போடாமல் வைத்திருந்தார்கள். கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்தார். ஜெட் சக்கரம் இறங்காமலே கார்சன் சிட்டியில் தரையிறங்கியது. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். எங்கள் களத்தில் புதிதாக யார் வந்தாலும் இந்தச் சம்பவத்தை நான் சொல்லாமல் விடுவதில்லை.

ஏனென்றால் அந்தச் சபலம் எனக்கும் வந்தது. இரண்டாம் முறை மேலே போனபோது வெளியே மைனஸ் 30 டிகிரிக்குப் பக்கம். குளிரில் பேட்டரி வேகமாகச் சோர்ந்துபோகும். 21,000 அடியில் வோல்டேஜ் இறங்குவதைப் பார்த்ததும், டிரான்ஸ்பாண்டரை அணைத்தால் இன்னும் அரை மணி நேரம் இருக்கலாமே என்று கை அந்தப் பக்கம் போனது. அணைக்கவில்லை. கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். இப்போது இரண்டு பேட்டரி எடுத்துப் போகிறேன்.

மற்றவை சுருக்கமாக. ஆக்சிஜன் இல்லாமல் இந்தப் பேச்சே கிடையாது. மூக்குக் குழாய் 18,000 அடி வரைதான், அதற்கு மேல் முகமூடி. வேக மீட்டர் குறைத்துக் காட்டுவதால், மேலே போகப் போக, மீட்டரில் தாண்டக் கூடாத அதிகபட்ச வேகத்தின் அளவும் இறங்கும். அதற்கான அட்டவணையைக் கண்ணெதிரே ஒட்டி வைத்திருக்க வேண்டும். கீழே மேகம் மூடிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், இறங்கும்போது 18,000 அடிக்குக் கீழே வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மேலே இருந்த கடைசிக் கிளைடரும் அப்படிச் சொன்ன பிறகுதான் ஜன்னலை மூடி, சுற்றிப்போன ஜெட்களைப் பழைய பாதைக்குத் திருப்புவார்கள். களைப்பிலும் குளிரிலும் இதை மறப்பது சுலபம். அதனால் முழங்காலில் கட்டிக்கொள்ளும் குறிப்பு அட்டையின் முதல் வரியிலேயே அதை எழுதி வைத்திருக்கிறேன்.