யாரும் கிளிக் செய்யவில்லை, ஆனாலும் வந்துவிட்டது

கேள்வி: சந்தேகமான மெயில் எதையும் திறக்கவில்லை என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் ஒரே காலையில் பாதி கம்ப்யூட்டர்களில் வார்ம் புகுந்துவிட்டது. யாரோ பொய் சொல்கிறார்கள்தானே?

பதில்: அவசரப்பட்டு யாரையும் கூண்டில் ஏற்றாதீர்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரி விசாரணைகளில் பாவம், மெயில் பார்த்தவர்தான் முதலில் மாட்டுவார்.

வைரஸ் ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு வரும். அதை யாராவது திறக்க வேண்டும். வார்முக்கு ஆள் துணை வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும் அங்கிருந்து அடுத்தடுத்த முகவரிகளைத் தானே முயன்று பார்க்கும். விண்டோஸில் ஃபைல் பகிரும் சேவை 445-ஆம் போர்ட்டில் (நெட்வொர்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வரும் எண் போட்ட வாசல்) எந்நேரமும் காத்திருக்கிறது. அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற வார்ம் பரவியது. அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது! 'அப்புறம் போடலாம்' என்று விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

அதனால் உங்கள் அட்மினிடம் கேட்க வேண்டியது 'யார் கிளிக் செய்தது?' என்பதல்ல, 'எந்த அப்டேட் பாக்கி?' என்பது. வெளியில் வேறு நெட்வொர்க்கில் இருந்துவிட்டு வந்த லேப்டாப் ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலைத் தாண்ட அது போதும்.

கேள்வி: கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் வார்ம் போய்விடுமா?

பதில்: சிலது போகும், போன வேகத்தில் திரும்பியும் வரும். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் அப்படிப்பட்டது. மொத்தமே 376 பைட். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் இருந்த ஓட்டைக்கு ஒரே ஒரு யூடிபி பாக்கெட் (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் தகவல் துண்டு) போதும். பதில் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் கண்ட முகவரிக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. சிக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் 90 சதவீதம் பத்தே நிமிடத்தில் சிக்கின. எந்த ஃபைலையும் அது தொடவில்லை. லைன் முழுக்க அதன் பாக்கெட்டுகளே நிறைந்து மற்ற வேலைகள் முடங்கின.

ஹார்டு டிஸ்கில் அது எழுதப்படுவதில்லை, மெமரியில் மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்தால் துடைத்தது போல் போய்விடும். ஓட்டை அப்படியே இருந்தால் அடுத்த பாக்கெட் வந்து சேரும்வரைதான் நிம்மதி. இதிலும் கதை அதேதான்: அப்டேட் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது. ஆனால் எல்லோரையும் திட்டவும் முடியாது. அந்த டேட்டாபேஸின் சின்ன வடிவம் வேறு பல சாஃப்ட்வேர்களோடு சேர்ந்தே வந்ததால், தங்களிடம் அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

கேள்வி: இன்டர்நெட்டை முதலில் திணறடித்த வார்மை எழுதியவர் என்ன ஆனார்?

பதில்: 1988 நவம்பர் 2 அன்று அதை வெளியே விட்ட ராபர்ட் மோரிஸ் அப்போது கார்னெல் பல்கலைக்கழக மாணவர். ஏற்கெனவே பிரதி இருக்கும் கம்ப்யூட்டரிலும் ஏழில் ஒரு முறை விடாப்பிடியாக இன்னொன்று ஓடும்படி எழுதியிருந்தார். அதுதான் கம்ப்யூட்டர்களை மூச்சுத்திணற வைத்தது. சிறை இல்லை, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேர சமூக சேவை, அபராதம். பிறகு எம்ஐடியில் பேராசிரியரானார்.

கேள்வி: வார்ம் என்று சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்வது?

பதில்: கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ஸ்கேன் எல்லாம் அப்புறம்.