வாய் கோணியவருக்கு மாத்திரை கேட்டு வந்தால்: மருந்தாளுநருக்குப் பக்கவாதம் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: கடலூர் முதுநகரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் படித்தவன். அண்மையில் ஒருவர் தன் அப்பாவை பைக்கில் உட்காரவைத்துக் கடைக்கு அழைத்து வந்தார். “காலையிலிருந்து வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, பிரஷர் கூடியிருக்கும், ஒரு மாத்திரை கொடுங்கள்” என்றார். நான் கொடுக்க மறுத்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் செய்தது சரியா? பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களும் நீண்ட மருந்துச் சீட்டோடு வருகிறார்கள். அவர்களுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதைத் தாண்டி நான் என்னென்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் செய்தது முழுக்கச் சரி. புதுச்சேரியில் மருத்துவமனை மருந்தாளுநராகப் பக்கவாத நோயாளிகளோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பக்கவாதத்தின் முதல் சில மணி நேரத்தில் மருந்துக் கடைக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி, கேட்கும் மாத்திரையைக் கொடுக்காமல் இருப்பதுதான். ஏன் கொடுக்கவில்லை என்பதை ஒரே மூச்சில் விளக்கத் தெரிந்திருந்தால் கோபித்தவரும் வண்டியைத் திருப்புவார். அதனால் காரணத்தை முதலில் பார்ப்போம்.

பக்கவாதம் இரண்டு வகையில் வருகிறது. பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை உறைகட்டி, அதாவது உறைந்த ரத்தக் கட்டி, அடைக்கிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவரும் சி.டி. ஸ்கேன் பார்க்காமல் பிரித்துச் சொல்லமாட்டார். “மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஓர் ஆஸ்பிரின் கொடுத்துவிடலாமே” என்ற எண்ணம் இங்கேதான் ஆபத்தாகிறது. உள்ளே ரத்தக் கசிவு இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும்.

ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதும் அதே அளவு தவறு. அடைப்பு ஏற்பட்டதும் மூளையின் ஒரு பகுதி பக்கத்துக் குழாய்கள் வழியாக வரும் கொஞ்ச ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ரத்தத்தைத் தள்ளிக் கொடுப்பதற்காகவே உடல் அழுத்தத்தை ஏற்றுகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி போடப் போவதில்லை என்றால், 220/120 வரை அழுத்தத்தை அப்படியே விட்டுவைப்பது மருத்துவமனைகளில் வழக்கம். நாக்கின் அடியில் நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்திவிடும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தடாலென்று அழுத்தம் இறங்கினால், தப்பித்திருக்க வேண்டிய பகுதியும் செத்துப்போகும். உங்கள் கடையில் யார் கேட்டாலும், பழைய சீட்டைக் காட்டிக் கேட்டாலும், இந்த நிலையில் கொடுக்காதீர்கள்.

அறிகுறியைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பாருங்கள். கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள், ஒரு கை கீழே சரிகிறதா பாருங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், பேச்சு குழறுகிறதா கேளுங்கள். மூன்றில் ஒன்று திடீரென வந்திருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். திடீர்த் தள்ளாட்டம், ஒரு கண் பார்வை மறைவது, இதுவரை அனுபவித்தே இராத கடுமையான தலைவலி ஆகியவையும் இதில் சேரும். நம் பகுதியில் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தள்ளாடி, குழறிப் பேசுகிறவரைப் பார்த்ததும் “குடித்திருக்கிறார், படுத்தால் சரியாகிவிடும்” என்று வீட்டார் தூங்க வைத்துவிடுகிறார்கள். குடிப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம். குடித்திருந்தாலும் முகத்தையும் கையையும் சோதித்துப் பாருங்கள்.

குளுக்கோமீட்டர் கடையிலேயே இருக்குமே, ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனாலும் பக்கவாதம்போலவே ஒரு கை கால் விழும், பேச்சு குழறும். 70க்குக் கீழே இருந்தால் அதை 108 ஊழியரிடம் சொல்லுங்கள். ஆனால் வாய் கோணியவருக்குத் தண்ணீரோ குளுக்கோஸோ சோடாவோ வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

நீங்கள் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய விவரம் ஒன்று உண்டு. அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? அறிகுறியை முதலில் பார்த்த நேரத்தை எழுதினால் போதாது. காலை ஆறு மணிக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு பத்து மணிக்குப் படுக்கப் போனபோது நன்றாக இருந்தார் என்பதுதான் கணக்கு. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கம்பிக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள். அதோடு அவர் சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் எழுதுங்கள். குறிப்பாக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம், டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? ஊசி போடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் தகவல் இது. அந்த வீட்டின் மாத்திரைகள் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கின்றன. பதறிப்போன மகனைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எந்த மருத்துவமனைக்கு என்பதும் முக்கியம். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்குப் போக அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலையும் தாண்டி நகரத்தையும் கடக்க வேண்டும். உங்கள் பகுதியில் 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுத்து ஊசியும் போடும் மருத்துவமனைகள் எவை என்று இன்றே தொலைபேசியில் விசாரித்து, எண்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் படுக்க வைத்து ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு அனுப்புவதில் போகும் நேரத்தைத் திரும்பப் பெற முடியாது. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் வேலை செய்யும் மருந்தாளுநர்களுக்கு, உறைகட்டியைக் கரைக்கும் ஊசி பற்றிச் சுருக்கமாக: ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., 90 மி.கி.க்கு மேல் கூடாது. பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்திலும் மீதியை ஒரு மணி நேரத்திலும் ஏற்ற வேண்டும். கலக்கும்போது குலுக்கக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸோடு சேர்க்கக் கூடாது. டெனெக்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., 25 மி.கி.க்கு மேல் கூடாது, ஒரே தடவையில் போட வேண்டும். மாரடைப்புக்குக் கொடுக்கும் அளவு இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் குழப்பம் உயிரை வாங்கும் என்பதால் நோயாளியின் எடையையும் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் எனக்கு அதிகம் கவலை தருவது. வீடு திரும்பியவரை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறார், நீங்கள் மாதந்தோறும் பார்க்கிறீர்கள்.

சிறிய அளவில் பக்கவாதம் வந்தவருக்கும், வந்து சற்று நேரத்தில் சரியாகிவிட்டவருக்கும் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் சேர்த்து எழுதுவார்கள். இந்த ஜோடி பெரும்பாலும் 21 நாட்களுக்குத்தான். அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று போதும். தொடர்ந்து இரண்டையும் சாப்பிட்டால் பலன் கூடாது, ரத்தக் கசிவுதான் கூடும். ஆனால் நடைமுறையில், டிஸ்சார்ஜ் சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இரண்டையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில் வரும் மருந்துகள் வேறு. உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது. தனி ஆஸ்பிரினும் இந்தக் கேப்ஸ்யூலும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறவரைக் கண்டுபிடிக்க உங்களால் மட்டுமே முடியும். அதற்காக நீங்களே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தாலோ, மூளைக்குள் இருக்கும் குழாய் மிகவும் குறுகியிருந்தாலோ இரண்டையும் நீண்ட நாள் தொடரக் காரணம் இருக்கலாம். மருத்துவருக்குத் தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள், அல்லது சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள்.

குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர் “கேஸ் மாத்திரை” கேட்டால் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் வேண்டாம். இவை குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோல் பாதுகாப்பானது. தோள் வலிக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். பக்கவாதம் வந்த கையில் தோள் வலி மிகச் சாதாரணம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் ரத்த அழுத்தத்தை ஏற்றும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பாராசிட்டமால் கொடுத்து இயன்முறை மருத்துவரிடம் அனுப்புங்கள். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளிலும் அழுத்தத்தை ஏற்றும் மருந்து இருக்கிறது.

வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர் பல்வலிக்கு மெட்ரோனிடசோல் கேட்டால் கொடுக்கக் கூடாது. கோட்ரைமோக்ஸசோல், ஃப்ளுகோனசோல் ஆகியவையும் அப்படியே. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எகிறி மூளையிலேயே ரத்தம் கசியலாம். 1 மி.கி., 2 மி.கி. அட்டைகள் மாறிப்போவது இன்னொரு ஆபத்து. ஒவ்வொரு முறையும் பழைய அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கீரையே கூடாது என்று பயமுறுத்த வேண்டாம். முருங்கைக் கீரையோ வேறெதுவோ, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். டாபிகாட்ரான் கேப்ஸ்யூலுக்கு ஈரம் ஆகாது. நம் கடற்கரைக் காற்றில் அதைப் பிரித்து மாத்திரை டப்பாவில் போட்டுவைக்கக் கூடாது. ரிவரோக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

விழுங்க முடியாமல் மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், வீட்டார் எல்லா மாத்திரையையும் அம்மியில் வைத்துப் பொடித்துவிடுவார்கள். குடலில் கரையும்படி மேற்பூச்சு பூசிய ஆஸ்பிரின், பான்டோப்ரசோல், மெதுவாகக் கரையும் ரத்த அழுத்த மாத்திரைகள், வலிப்புக்கான சிஆர் (மெதுவாக மருந்தை விடும்) மாத்திரைகள் ஆகியவற்றைப் பொடிக்கக் கூடாது. டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைத் திறக்கவே கூடாது. மாற்று வடிவம் கேட்டு மருத்துவரிடம் பேசுவது நம் வேலை. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை டியூப் வழியாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் கஞ்சியை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் மருந்து உடலில் சேராமல் வலிப்பு திரும்ப வரும்.

காசு விஷயத்தையும் பேசியாக வேண்டும். சீட்டில் சிட்டிகோலின் போன்ற “மூளைக்கு நல்லது” என்று சொல்லப்படும் மாத்திரைகள் இருக்கும். விலையும் அதிகம். 2012இல் வெளியான பெரிய ஆய்வில் சிட்டிகோலினால் பலன் தெரியவில்லை. கையில் இருக்கும் பணம் போதாதபோது குடும்பம் விலை உயர்ந்ததை வைத்துக்கொண்டு ரத்த அழுத்த மாத்திரையை “பிரஷர்தான் நார்மல் ஆகிவிட்டதே” என்று விட்டுவிடுகிறது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இது. அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பவை ரத்த அழுத்த மாத்திரை, உறைவைத் தடுக்கும் மாத்திரை, கொழுப்புக்கான ஸ்டாட்டின், சர்க்கரை இருந்தால் அதற்கானது. ஏதாவது ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் இவற்றில் கைவைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள், மருத்துவரிடம் கேட்டுவரவும் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை 2021 முதல் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது என்பது பலருக்கு இன்னும் தெரியாது. உங்கள் கடை விற்பனை கொஞ்சம் குறைந்தாலும் சொல்லுங்கள்.

பெண்கள் பற்றித் தனியே ஒன்று. மாசி மகத்துக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கு தள்ளிப்போக நோரெத்திஸ்டெரோன் மாத்திரை கேட்டு வருவார்கள். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, பல கடைகளில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது. மூளையின் சிரையில் ரத்தம் உறையும் வகைப் பக்கவாதம் இளம்பெண்களுக்கும் வருவது. பிரசவத்துக்குப் பிறகும், ஹார்மோன் மாத்திரைகளோடும் அதன் அபாயம் கூடுகிறது. அண்மையில் குழந்தை பெற்றவரா, முன்பு காலிலோ வேறெங்கோ ரத்தம் உறைந்திருக்கிறதா, கண்ணில் ஒளி தெரியும் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மாத்திரை சாப்பிட்ட பெண் சில நாட்களாக விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வந்தால் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தானே, ஃபெஞ்சல் புயல்களில் சாலை மூடிக் கிடந்தபோது மாத்திரை தீர்ந்தவர்கள் நாட்கணக்கில் இல்லாமல் இருந்தார்கள். அந்த அட்டைகளைத் தண்ணீர் புகாத பையில், குடும்ப அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.