ஊரடங்கு யாருக்கு ஓய்வு?

அன்புள்ள அக்காவுக்கு,

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர், வேலை மும்பையில். 2020 மார்ச்சில், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகலாம் என்று வந்தவன் ஊரடங்கில் மாட்டிக்கொண்டேன். ஆறேழு மாதம் வீட்டில்தான். கல்யாணமாகி அவ்வளவு நாள் சேர்ந்து இருந்ததே அப்போதுதான். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் அது என்று போன வாரம் மனைவியிடம் சொன்னேன். "எனக்கு அப்படி ஒரு காலம் இனி வரவே வேண்டாம்" என்கிறாள். அவள் பீடி சுற்றுகிறவள். எங்களுக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துத்தான் முடித்தார்கள். இந்தச் செல்போன்தான் காரணமா? கொரோனா காலத்தில் கணவன் மனைவி உறவு கூடியதா, கெட்டதா? ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

*

தம்பி,

ஜாதகத்தை விடுங்கள், செல்போனையும் விடுங்கள். ஆராய்ச்சிகள் ஒரே பதிலாகச் சொல்லவில்லை. சிலர் நெருங்கினார்கள், சிலர் விலகினார்கள். கார்னி, பிராட்பரி என்ற உளவியலாளர்கள் 1995-லேயே சொன்னதுதான்: இருவரும் முன்பே எப்படிப்பட்டவர்கள், வெளியிலிருந்து என்ன நெருக்கடி வந்தது, அதைச் சேர்ந்து எப்படிச் சமாளித்தார்கள், இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். அடி உதை நடந்த வீடுகளின் கதை வேறு. அவர்களுக்காக 2020 ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் தனியாக வாட்ஸ்அப் எண்ணே திறக்க வேண்டி வந்தது. உங்கள் வீடு அப்படியில்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கூட இருந்தது சந்தோஷம் என்று மனைவியிடம் வாய்விட்டுச் சொல்கிற ஆண் நம் பக்கம் எத்தனை பேர்? அதற்காகவே உங்கள் மேல் பிரியம் வந்தது.

ஆனால் கொஞ்ச நாளாக ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவழித்தது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம், அதுவும் செய்கிற ஆண்களை மட்டும் எடுத்தால். நாலில் மூன்று ஆண்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. அப்புறம் நீங்கள் எல்லாரும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தீர்கள். காலையில் சாயா, பதினோரு மணிக்குச் சாயா, தூங்கி எழுந்ததும் சாயா, வாசலுக்கு வந்த மாமாவுக்கும் சேர்த்து இன்னொரு சாயா. ஒவ்வொன்றுக்கும் அவள்தானே எழுந்து போனாள்? ஆறேழு மாதத்தில் ஒரு தம்ளராவது நீங்கள் கழுவியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லையே.

என் பெரியப்பாவும் பம்பாயில்தான் இருந்தார், கோயில் கொடைக்கு வருவார். வந்தால் பகல் முழுக்கப் பெரியம்மாவுக்கு வெந்நீர், கறி, விருந்தாளி. அவளும் பீடி சுற்றுகிறவள், சுற்றிக் கொடுத்தால்தானே கூலி? அதனால் ராத்திரி அவர் தூங்கின பிறகு அடுப்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஈரத்துணியிலிருந்து இலையை எடுத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுவாள்; கத்தரிச் சத்தம் கேட்காமல் இருக்கத் துணியைப் போட்டு மூடிக்கொண்டு வெட்டுவாள். "நான் வந்தா அவளுக்கு ஒரே குஷி" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்வார். அவளிடம் யாருமே கேட்டதில்லை, நாங்களும்தான்.

உங்கள் மனைவிக்கு அந்த ராத்திரி வேலைகூட இல்லாமல் போனது. பீடிக்கடையைப் பூட்டிவிட்டார்கள், இலையும் இல்லை, தூளும் இல்லை. உங்கள் சம்பளம் நின்றது உங்களுக்கு உறைத்திருக்கும், அவள் கூலி நின்றதை யோசித்தீர்களா? குழுக்கடன், சீட்டு, பிள்ளைக்கு ஒரு நோட்டு, எல்லாம் அந்தக் காசில்தான் ஓடியிருக்கும். அதற்கு உங்களிடம் கை நீட்ட வேண்டி வந்தது. திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து சுற்றிக்கொண்டே மாமியாரையும் உங்களையும் திட்டித் தீர்க்கிற அந்த ஒரு இடமும் போச்சு. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு உங்கள் முகம் கோணாமல் பார்த்திருக்கிறாள், நீங்கள் அதைச் சந்தோஷம் என்று கணக்கு எழுதிவிட்டீர்கள்.

அவளுக்கு உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று மட்டும் நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். பிடிக்காதவனிடம் யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தாவது சொன்னாளே. போனில் "நல்லா இருக்கியா" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் வரும். இன்றைக்கு எத்தனை சுற்றினாய், இலை நல்லதாகக் கொடுத்தானா, பத்தாமல் கைக்காசு போட்டு வாங்கினாயா என்று கேளுங்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது சாயா நீங்கள் போடுங்கள், போட்ட பாத்திரத்தையும் நீங்களே கழுவுங்கள். என்ன சொன்னாள் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா