கூடைப் படம், அலுமினியத் தகடு: வாங்கும் முன் என்ன கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். ஹாலில் மாட்ட ஒரு பெரிய படம் தேடுகிறேன். அமெரிக்கப் பழங்குடியினர் பின்னிய கூடைகளை நூறு வருடத்துக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை, 24க்கு 36 அங்குல அலுமினியத் தகட்டில் அச்சிட்டு இணையத்தில் விற்கிறார்கள். 'மியூசியம் தரம்' என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: 'மியூசியம் தரம்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தகட்டைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் படத்தைப் பற்றி விசாரியுங்கள். எடுத்தவர் யார், எந்த ஆண்டு, கூடை எந்த மக்களுடையது, மூலப்படம் எந்தக் காப்பகத்தில் என்ன எண்ணில் இருக்கிறது? விற்பவரிடம் இதற்குப் பதில் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலப் படங்களில் உள்ள பல பொருள்களைச் செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். நெவாடாவில் வாழ்ந்த வாஷோ இனத்துப் பெண் டாட் சோ லா லீ, 1925ல் இறந்தவர். அவருடைய கூடைகளை விற்றுவந்த கார்சன் சிட்டி வியாபாரத் தம்பதியான கோன்கள், கூடைகளைப் படமெடுத்துப் பதிவும் செய்துவைத்தார்கள். அரிசோனாவில் நம்பேயோ என்ற குயவர், சிக்யாட்கி என்ற பழைய ஹோப்பி கிராமத்தின் பாணியிலான மட்பாண்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர், பழங்குடியினரைப் படமெடுத்த எட்வர்ட் கர்டிஸ் என்ற புகைப்படக்காரரின் படங்களில் இருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரின் வேலையை 'வின்டேஜ் இந்தியன் பாஸ்கெட்' என்ற ஒற்றை வரியோடு விற்பது அவருக்கும் நியாயமில்லை, வாங்கும் உங்களுக்கும் நியாயமில்லை.

அடுத்து ஃபைல். 24க்கு 36 அங்குலத்துக்கு 7200க்கு 10800 பிக்சல் இருந்தால் கிட்டப் போய்ப் பார்த்தாலும் கூர்மையாக இருக்கும். சில அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 3600க்கு 5400 போதும். பல கடைகள் இணையத்தில் கிடைக்கும் சின்னப் படத்தை எடுத்துச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிவிடுகின்றன. மலைக் காட்சியில் இது கண்ணில் படாமல் போகலாம். கூடையில் அப்படி இல்லை. இல்லாத பின்னலை மென்பொருள் தானே கற்பித்து நிரப்பிவிடும். அங்கே பின்னல்தானே விஷயமே! அதனால் முழு அளவில் ஒரு சின்னத் துண்டை அனுப்பச் சொல்லி, காப்பகப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சுருள் கூடையில் சுருள் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது, அது எந்த மக்களுடையது என்று கண்டுபிடிக்க உதவும் அடையாளங்களில் ஒன்று. படத்தைத் திருப்பினால் அந்த அடையாளமும் பொய்யாகிவிடும்.

சரி, இனி தகடு. 'டை சப்ளிமேஷன்' முறையா, நேரடி யூவி அச்சா என்று கேளுங்கள். முதல் முறையில், பூச்சுள்ள அலுமினியத்தின் மேல் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தும்போது சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். இரண்டாவதில், புற ஊதா (யூவி) ஒளியில் உலரும் மை மேலே படிந்து நிற்கும். வீட்டுச் சுவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். தகட்டில் வெள்ளை அடித்தளம், வெள்ளி அடித்தளம் என இரு வகை உண்டு. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. ஆகவே வெள்ளித் தகட்டில், படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் உலோகமாகப் பளபளக்கும். கர்டிஸே கண்ணாடியில் அச்சிட்டுப் பின்னால் பொன்னிறம் பூசிய 'ஓரோடோன்' படங்களை விற்றார் என்பதைக் காட்டி, வெள்ளித் தகடுதான் அசலுக்கு நெருக்கம் என்று சிலர் விற்கப் பார்ப்பார்கள். அது வேறு செய்முறை, வேறு நிறம். பின்னல் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் வெள்ளை அடித்தளம், பளபளப்புக் குறைந்த சாட்டின் அல்லது மேட் பூச்சு. பளபளக்கும் கிளாஸி பூச்சில் எதிரே உள்ள ஜன்னல்தான் தெரியும்.

கேள்வி: விலை அதிகம் என்று கேட்டதற்கு, 'காப்புரிமை (காப்பிரைட்) கட்டணம் சேர்த்து, 250 பிரதிகள் மட்டும்' என்கிறார்கள். உண்மையா?

பதில்: எந்தக் காப்புரிமை என்று கேளுங்கள். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்த படங்கள் பொதுவுடைமை. பழங்குடியினர் பற்றிய கர்டிஸின் 20 புத்தகத் தொகுதிகள் 1907 முதல் 1930 வரை வெளிவந்தவை, ஆகவே அவற்றுக்கு இப்போது யாரும் காப்புரிமைக் கட்டணம் கேட்க முடியாது. பொதுவுடைமையான படத்தை அப்படியே நகலெடுப்பதால் புதுக் காப்புரிமை பிறக்காது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 1999ல் தீர்ப்பளித்திருக்கிறது. '250 பிரதிகள்' என்பது அந்தக் கடை தனக்குத் தானே போட்டுக்கொண்ட வரம்பு, அவ்வளவுதான். பக்கத்துக் கடை அதே படத்தை ஆயிரம் போடலாம்.

நீங்களே செய்துகொள்ளலாம் என்பதுதான் என் யோசனை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் கர்டிஸ் படங்களின் பெரிய டிஃப் (TIFF) ஃபைல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டு இறக்கி, மெட்டல் பிரிண்ட் போடும் லேபில் கொடுங்கள். படக்குறிப்பையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கர்டிஸ் படங்களை நூற்றுக்கு நூறு ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1910ல் எடுத்த, பீகன் என்ற பழங்குடியினரின் கூடாரப் படத்தில் இருவருக்கு நடுவே இருந்த கடிகாரத்தை, வெளியிட்ட பதிப்பில் அழித்துவிட்டார்.

அப்புறம், அந்த அச்சையே 'நேட்டிவ் அமெரிக்கன் கைவினை' என்று யாராவது விற்றால் விலகுங்கள். பழங்குடியினர் செய்யாத கலைப்பொருளை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்பது 1990ன் அமெரிக்க 'இந்தியன் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' சட்டப்படி குற்றம் (இங்கே 'இந்தியன்' என்றால் அமெரிக்கப் பழங்குடியினர்). தனிநபருக்கு முதல் தடவையே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

கேள்வி: மரமுகமூடிப் படம் ஒன்றும் பிடித்திருக்கிறது. வாங்கினால் தப்பா?

பதில்: சட்டப்படி தப்பில்லாமல் இருக்கலாம். ஆனால் ஹோடினோஷோனி மக்கள், அதாவது இரோகுவா கூட்டமைப்பினர், தங்கள் மருத்துவ முகமூடிகளை விற்கவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது, அவற்றின் படங்களையும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார்கள். அது அவர்களுக்கு வழிபாட்டுப் பொருள். என் வீட்டில் மாட்ட மாட்டேன், உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். சடங்குப் பொருள் எதுவானாலும் முதலில் அந்த மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். கூடை, பானை, கம்பளம் என்று விற்பனைக்காகவே செய்தவை எத்தனையோ இருக்கின்றன.

கேள்வி: பார்சல் வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மூலைகளை. மெல்லிய தகடு, வழியில் மூலை மடங்குவதுதான் அடிக்கடி நடக்கும். பெட்டியைத் திறக்கும்போதே படமெடுத்து வையுங்கள், ஏனென்றால் ஆர்டரின் பேரில் அச்சிட்டதைப் பல கடைகள் சேதம் இருந்தால் மட்டுமே திரும்ப எடுக்கும். நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள்.