76 வயதில் கை நரம்புக்கு ஆபரேஷன் தாங்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது, சர்க்கரை உண்டு. ஒரு வருடமாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. நடு இரவில் எழுந்து கையை உதறுகிறார். கார்பல் டனல் என்கிறார்கள். இடது கையிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், 'லேசர், தையலே கிடையாது, ஒரே நாளில் இரண்டு கையும் முடிந்துவிடும்' என்று ஓர் இடத்தைச் சொல்கிறார். போகலாமா?

பதில்: வயதை நினைத்துப் பயப்பட வேண்டாம். மணிக்கட்டில் கார்பல் டனல் என்ற ஒரு குறுகிய பாதை வழியாகத்தான் மீடியன் நரம்பு உள்ளங்கைக்குள் போகிறது. அங்கே அது நசுங்குவதால்தான் விரல்கள் மரக்கின்றன. அதன் மேல் கூரை போலிருக்கும் நார்ப்பட்டையை வெட்டி இடம் கொடுப்பதுதான் சிகிச்சை. கையை மட்டும் மரக்கடிக்கும் ஊசி போதும். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இதற்குப் போய் பெரிய ஆபரேஷனுக்கு எடுப்பது போல அத்தனை டெஸ்டும் எழுதி, முதியவர்களை வாரக்கணக்கில் அலைய வைப்பதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்தத் 'தெரிந்தவர்' விஷயத்துக்கு வருகிறேன். ஆள் பிடித்துக் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்தாலும், மூன்று சென்டிமீட்டர் கீறிச் செய்தாலும் வெட்டுவது அதே பட்டையைத்தான். துளை வழியே செய்தால் கை சற்று சீக்கிரம் வேலைக்கு வரும். சில மாதங்களில் இரண்டும் ஒன்றுதான். லேசர் என்ற பெயரில் மயங்காதீர்கள். பட்டை முழுதாக வெட்டுப்பட வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம், இரண்டு கையிலும் கட்டோடு வந்தால் அம்மா கழிப்பறைக்குப் போவது எப்படி? முதலில் ஒரு கை போதும்.

அவசரமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலடிச் சதைமேடு வற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கட்டத்தில் ஆபரேஷன் செய்தால் இரவு வலி போகும், ஆனால் மரப்பு முழுதாகப் போகாமலும் இருக்கலாம். வற்றவில்லை என்றால் முதலில் சில வாரம் இரவில் மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் பட்டி போட்டுப் பார்க்கலாம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், கவனம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: சுண்டுவிரல். மீடியன் நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதே இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, அவ்வளவுதான் அதன் எல்லை. முக்கியமாகச் சுண்டுவிரல்தான் மரக்கிறது என்றால் அழுத்தம் முழங்கையில் இருக்கலாம், கழுத்திலும் இருக்கலாம். ஐந்து விரலும், கூடவே இரண்டு பாதங்களும் மரத்தால் சர்க்கரையே நரம்பைக் கெடுத்திருக்கலாம். அப்போது மணிக்கட்டை மட்டும் வெட்டினால் முழு நிவாரணம் கிடைக்காது. 'ஆபரேஷன் செய்தும் அப்படியேதான் இருக்கிறது' என்று வந்தவரிடம் நான் முதலில் கேட்பது சுண்டுவிரலைப் பற்றித்தான். பலரிடம் அதுவரை யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை.

ஆகவே இன்றிரவு அம்மா எழுந்து கையை உதறும்போது எந்தெந்த விரல் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.