கோழி எரு போட்டால் செடி கருகுவது ஏன்?

கேள்வி: புதுக் கோழி எருவைக் கத்தரித் தூரில் போட்டேன். நான்கே நாளில் இலையோரம் கருகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பதில்: கோழி எச்சத்தின் யூரிக் அமிலம் சிதைந்து வேகமாக அம்மோனியாவாக மாறும். அதோடு உப்பும் சேர்ந்து வேர் நுனியைப் பொசுக்கிவிடும். எருவை உடனே சுரண்டி எடுத்துவிட்டு, வேர்ப்பகுதி முழுக்க நனையும்படி இரண்டு மூன்று முறை தண்ணீர் விடுங்கள். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளை வேர் தெரிந்தால் தேறிவிடும். எல்லாம் பழுப்பாகிக் குழைந்திருந்தால் மறுநடவுதான்.

அடுத்த முறை, காய்ந்த வைக்கோலைத் தாராளமாகக் கலந்து மக்கவையுங்கள். குவியல் ஒரு மீட்டர் உயரமாவது வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறாது. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு கசியும் ஈரம் போதும். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றோடு போகிறது, வைக்கோலைக் கூட்டுங்கள். கிளறியும் சூடேறாமல், மண்வாசனை வந்த பிறகே வயலுக்கு.