சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்: மகளை இருமொழிக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்கலாமா?

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கேட்டது இது. கணவருக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் அருகே செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஏழு வயது மகளை ஈப்போப் பக்கமுள்ள ஆங்கிலமும் சீனமும் கற்பிக்கும் ஒரு கிறிஸ்தவ அனைத்துலகப் பள்ளியில் சேர்க்க எண்ணுகிறீர்கள். பள்ளி கொடுத்த கையேட்டில் கிறிஸ்துவை மையமாகக் கொண்ட கல்வி, பிறருக்குத் தொண்டு செய்யும் தலைமை, இரு மொழிகளிலும் சிந்திக்கும் மாணவர்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. "நாங்கள் சைவக் குடும்பம், அக்கா. பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களா? தமிழ் போய்விடுமா? பேசாமல் இங்கேயுள்ள தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் கையேட்டிலுள்ள வாசகங்களை ஒரு பள்ளி கொடுத்த வாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கு வாரத்தின் எந்தப் பாடவேளையில், யாருடைய சம்பளத்தில், எந்தப் பிள்ளையின் மேசையில் நிறைவேறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.

முதலில் மதம். நான் பாளையங்கோட்டையில் சைவ வீட்டில் பிறந்தவள். 1820இல் ரேனியஸ் ஐயர் என்ற மிஷனரி வந்து தங்கிய காலம் முதல் அந்த ஊரின் படிப்பு மிஷன் பள்ளிகளோடு பின்னிப் பிணைந்தது. நெற்றியில் திருநீற்றோடு காலை ஜெபத்தில் நின்று படித்தேன். சங்கீதம் மனப்பாடமாகத் தெரியும், தேவாரமும் தெரியும். எங்கள் ஆசிரியைகள் தங்கள் விசுவாசத்தை மறைத்ததும் இல்லை, என் வீட்டைக் குறைத்துப் பேசியதும் இல்லை. அதனால் கிறிஸ்தவப் பள்ளி என்றவுடன் எனக்குச் சந்தேகம் எழுவதில்லை. திருமணமாகி இங்கே வந்து, என் இளைய மகளை இதே மாதிரியான ஒரு பள்ளியில் படிக்கவைத்தபோதும் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

உங்கள் நிம்மதிக்குச் சட்டத்தையும் சொல்கிறேன். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் விதி, தன் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையிலோ சடங்கிலோ பங்கேற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. 2018இல் ஒரு மதமாற்ற வழக்கில், பிள்ளையை மதம் மாற்றத் தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் தேவை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த தாய் நம் ஈப்போக்காரர்தான். ஆகவே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஆனாலும் தனியார் பள்ளியில் சேரும்போது நீங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறீர்கள். வாராந்தர ஆராதனையும் வேதாகம வகுப்பும் எல்லாருக்கும் உண்டு என்று அதில் எழுதியிருக்கலாம். பிள்ளை கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் போதுமா, ஜெபம் சொல்ல வேண்டுமா, வேதாகமப் பாடத்துக்கு மதிப்பெண் உண்டா, பொட்டும் திருநீறும் சீருடை விதிக்குள் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான பள்ளி இந்தக் கேள்விகளால் சங்கடப்படாது. ஆராதனை எங்கள் பள்ளியின் உயிர், அதில் எல்லாப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் அதையும் மதியுங்கள். அதன்பின் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. அரைகுறையாகப் பேசி மழுப்பும் இடத்தில்தான் பின்னால் மனக்கசப்பு வரும்.

இன்னொன்றையும் அறிந்துகொண்டு போங்கள். கிறிஸ்தவப் பள்ளி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும், இந்த நாட்டில் அதற்கு இரண்டு வம்சாவளிகள் உண்டு. ஒன்று, உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை 1816இல் தொடங்கியவர் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு நடந்ததும் அங்கேதான். ஈப்போவில் மெதடிஸ்டுகள் 1895இல் ஆங்கிலோ சைனீஸ் பள்ளியையும், லசால் என்ற கத்தோலிக்கச் சபையார் 1912இல் செயின்ட் மைக்கேல் பள்ளியையும் தொடங்கினார்கள். சீனர், தமிழர், மலாய்க்காரர் என எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே ஒரே பெஞ்சில் படித்தார்கள். மற்றொன்று, மிஷனரிகள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்காக நடத்தியது. இன்று பினாங்கில் உள்ள டலாட் பள்ளி 1929இல் வியட்நாமில் பிறந்தது. போரினால் அங்கிருந்து வெளியேறி, நம் பக்கத்துக் கேமரன் மலையில் சில காலம் இருந்துவிட்டு 1971இல் பினாங்குக்கு இறங்கியது. கேமரன் மலையில் சிஃபூ என்ற இன்னொரு பள்ளியும் 2001 வரை நடந்தது.

முதல் வகையின் நோக்கம் படிப்பையும் ஒழுக்கத்தையும் எல்லாருக்கும் கொடுப்பது. இரண்டாம் வகையில், கணக்குப் பாடம் உட்பட எல்லாவற்றையும் வேதாகமப் பார்வையில் கற்பிப்பதுதான் நோக்கம். ஆசிரியர்கள் விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டுத்தான் வேலையில் சேர்வார்கள். இன்றைய புதிய பள்ளிகள் பல இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றன. "மாணவரின் பெற்றோர் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமா, ஆசிரியர் இருக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். உங்கள் பள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

இந்த ஊர்ப் பெரியவர்கள் "மிஷன் ஸ்கூல் என்றால் மிஷன் ஸ்கூல்தான்" என்று உங்களிடம் புகழ்ந்திருப்பார்கள். தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) மகன் அங்கே ஆங்கிலம் படித்து மேலே வந்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. அவர்கள் புகழ்வது நியாயம்தான். ஆனால் அந்தப் பழைய பள்ளிகள் விடுதலைக்குப் பின் அரசாங்கப் பாடத்திட்டத்துக்குள் வந்து, 1970களில் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. நீங்கள் பார்ப்பது கட்டணப் பள்ளி. அனைத்துலகப் பள்ளிகளில் உள்ளூர் மாணவர் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை அரசாங்கம் 2012இல் நீக்கியது. அதற்குப் பிறகு ஈப்போ போன்ற ஊர்களிலும் இவை பெருகின. பெயரில் கிறிஸ்தவம் இருப்பதால் பழைய மிஷன் பள்ளியின் ஏழைப்பங்காளத் தன்மையும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

எப்படித் தேடுவது? "பிறருக்குத் தொண்டு" என்ற அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் மகள் படித்த பள்ளியில் மதிய உணவுக்குப்பின் பிள்ளைகளே மேசையைத் துடைப்பார்கள், தட்டைத் தாங்களே கழுவி அடுக்குவார்கள். துப்புரவு வேலை செய்த அம்மையாரைத் தலைமையாசிரியர் உட்பட எல்லாரும் பெயர் சொல்லி வணங்குவார்கள். அவருடைய பேரனும் அதே பள்ளியில் பாதிக் கட்டணத்தில் படித்தான். அதை யாரும் விளம்பரப்படுத்தவில்லை. மாதம் ஒருமுறை பெரிய வகுப்புப் பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்குப் போய், படமெடுத்துக்கொண்டு திரும்பாமல், அறைகளைச் சுத்தம் செய்துவிட்டு வருவார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அந்தப் பள்ளியின் சுவரில் இருந்த வசனங்கள் எனக்குப் பொருள்பட்டன.

வேறொரு பள்ளியையும் பார்க்கப் போயிருந்தேன். அங்கேயும் இதே வாசகங்கள்தான், இன்னும் அழகாக அச்சடித்திருந்தார்கள். படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எங்கள் தரத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர்களை வேறு பள்ளிக்குப் பரிந்துரைப்போம்" என்றார்கள். தொலைந்த ஒரு ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போன மேய்ப்பனின் கதையைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அந்தப் பதில் எனக்கு மிகவும் வலித்தது. அங்கிருந்து வந்துவிட்டேன். தங்கையே, நீங்களும் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். கட்டணச் சலுகை எத்தனை பிள்ளைகளுக்கு, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆய்வகத்தையும் நீச்சல் குளத்தையும் அவர்களே காட்டுவார்கள். இவற்றை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து மொழி. என் மனம் அதிகம் அடித்துக்கொள்ளும் இடம் இதுதான்.

இருமொழிப் பள்ளி என்று சொல்லும் சில இடங்களில் சீனம் ஒரு பாடமாக மட்டும் இருக்கும். சில இடங்களில் அறிவியலும் கணக்கும்கூடச் சீனத்தில் நடக்கும். உங்கள் பள்ளி எந்த வகை என்று கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். இரண்டாவது வகையென்றால் முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளைக்குப் பாரம்தான். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979 முதல் எழுதிவருவதைக் கருத்தில் வையுங்கள்: விளையாட்டுத் திடலில் பேசும் அளவுக்கு ஒரு மொழி வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போதும், ஆனால் பாடத்தைப் படித்துச் சிந்தித்து எழுதும் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். உங்கள் மகள் சீனத் தோழிகளோடு கலகலவென்று பேசுவதைப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டது என்று பள்ளியும் நினைக்கக் கூடாது, நீங்களும் நினைக்கக் கூடாது. என் மகளுக்கு மூன்றாம் வகுப்பில் சீனத்தில் அறிவியல் புரியாமல் போயிற்று. அவளுடைய ஆசிரியை ஒரு தவணை முழுவதும் பள்ளி முடிந்தபின் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. கையேட்டில் உள்ள அன்பு என்ற சொல்லுக்கு அந்த ஆசிரியைதான் சாட்சி.

இருமொழிக் கல்விக்கு முன்னோடி என்று எல்லாரும் காட்டுவது, 1965இல் மாண்ட்ரியால் அருகே செயின்ட் லம்பெர்ட்டில் ஆங்கிலப் பிள்ளைகளைப் பிரெஞ்சு வழியில் படிக்கவைத்த சோதனையை. அது வென்றது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் தெரு, கடை, தொலைக்காட்சி எல்லாமே காத்து நின்றன. நம் பிள்ளையின் தமிழைக் காக்க இந்தப் பள்ளியில் யாரும் இல்லை. அது அவர்கள் குற்றமும் அல்ல. ஆங்கிலமும் சீனமும் தருகிறோம் என்றார்கள், தருகிறார்கள். தமிழ் உங்கள் பொறுப்பு.

வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள். அதோடு நிறுத்திவிடாமல் எழுதவும் வாசிக்கவும் வையுங்கள். வீட்டுப்பாடம் எந்த மொழியில் வந்தாலும், இன்று என்ன படித்தாய் என்பதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீர் எப்படி ஆவியாகிறது என்பதை ஒரு பிள்ளை தமிழில் விளக்கிவிட்டால், அந்த அறிவு மற்ற இரு மொழிகளுக்கும் தானே ஏறும். தாய்மொழி பலமாக இருந்தால் மற்ற மொழிகளும் பலப்படும் என்பதை அந்தக் கம்மின்ஸும் வலியுறுத்துகிறார். நம் ஊர்க் கோயிலில் வார இறுதியில் தேவார வகுப்பு நடக்கிறது, அதில் மகளைச் சேர்த்துவிடுங்கள். சமயமும் தமிழும் ஒன்றாகக் கிடைக்கும்.

தமிழ்ப்பள்ளி பற்றியும் கேட்டீர்கள். அதை இரண்டாம்பட்சமாக நினைத்துக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே அறையில் தொடங்கியவை நம் தோட்டப் பள்ளிகள். இன்று நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நம் ஊரில் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. என் மூத்த மகன் தமிழ்ப்பள்ளியில்தான் படித்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கல்வித் துறையின் அனுமதியும் காலி இடமும் வேண்டும், கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆறாம் ஆண்டுக்குப் பின் இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாய் வழி. இந்த நாட்டிலேயே வேரூன்றப் போகிறீர்கள் என்றால் தமிழ்ப்பள்ளிதான் என் தேர்வு. கணவரின் ஒப்பந்தம் முடிந்து வேறு நாட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போவீர்கள் என்றால் அனைத்துலகப் பள்ளி பொருந்தும். அப்போதும் மலாய் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அண்டை வீட்டாரோடு பேசத் தெரியாத பிள்ளையாக அவள் இங்கே வளர வேண்டாம்.

மகள் கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த பாஸில் இருப்பாள். படிப்பதற்கான அனுமதியைக் குடிநுழைவுத் துறையில் பள்ளியே பெற்றுத் தருமா என்பதை முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள். தீபாவளி, தைப்பூசத்தையொட்டித் தேர்வு வைப்பார்களா என்றும் கேளுங்கள். ஒருமுறை தீபாவளிக்கு மறுநாளே தேர்வு வைத்திருந்தார்கள், நான் போய்ப் பேசியதும் தேதியை மாற்றினார்கள்.

பள்ளி வேனைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இங்கிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வேன் ஒவ்வொரு தாமானாக (குடியிருப்புப் பகுதியாக)ச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதால் காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டியிருக்கும். இங்கே ஏழு மணிக்குமேல்தான் விடியும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏழு வயதுக்கு அது கடினம். முதல் ஆண்டு மட்டுமாவது நீங்களோ கணவரோ காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வேன்காரரிடம் உங்கள் தாமானைக் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முக்கால் மணி நேரத் தூக்கம் மிச்சமாகும்.